சிமென்ட் முற்றத்தில் என்ன இருக்கிறது?

கேள்வி: நான் மழலையர் பள்ளியில் நான்கு, ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன். மொத்தம் 22 பேர். இந்த ஆண்டிலிருந்து 'இடம் சார்ந்த கற்றல்' முறைக்கு, அதாவது பிள்ளைகள் தங்களைச் சுற்றியுள்ள இடத்தையே பார்த்தும் தொட்டும் கற்கும் முறைக்கு, மாற வேண்டும் என்று எங்கள் தலைமையாசிரியர் சொல்லிவிட்டார். பள்ளி இருப்பதோ நெரிசலான தெருவில். சிமென்ட் பூசிய சின்ன முற்றம், ஒரு தண்ணீர்க் குழாய், மதிலுக்கு வெளியே ஒரே ஒரு மரம். காடும் இல்லை, ஆறும் இல்லை. அதனால் இரண்டு முறை வெளியூருக்குச் சுற்றுலா அழைத்துப்போனோம். திரும்பி வந்து 'என்ன பார்த்தீங்க?' என்று கேட்டால் பேருந்தைப் பற்றியே பேசுகிறார்கள். 'நோட்டு காலியாக இருக்கிறதே' என்று பெற்றோர் கேட்கிறார்கள். சக ஆசிரியை ஒருவர், 'உலகத்தைக் காட்ட வேண்டிய வயதில் தெருவையே காட்டிக்கொண்டிருந்தால் எப்படி?' என்கிறார். எங்கே தொடங்குவது என்று சொல்லுங்கள் மேடம்.
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள டீச்சர்,

உங்கள் கடிதத்தில் அந்தப் பேருந்து விஷயத்தை இரண்டு முறை படித்தேன். பிள்ளைகள் தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. அன்று முழுக்க அவர்களோடு இருந்தது பேருந்துதான். போகும்போதும் வரும்போதும் அதே இருக்கை, அதே ஜன்னல், அதே கதவு. போய்ச் சேர்ந்த இடத்தை வரிசையில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார்கள், அதுவும் ஒரே ஒரு முறை. பெரியவர்களான நாம் புது இடத்துக்குப் போனால், முன்பே பார்த்த நாலு இடங்களோடு அதை ஒப்பிட்டுக்கொள்வோம். நான்கு வயதுப் பிள்ளையிடம் அந்தக் கையிருப்பு ஏது? முதல் முறை பார்ப்பது அதற்கு வேடிக்கை, அவ்வளவுதான். இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ போகும்போதுதான் கேள்வி பிறக்கும்: 'நேத்து இங்க இருந்துச்சே, இன்னைக்கு எங்க போச்சு?'

இடம் சார்ந்த கற்றல் முழுக்க இந்தக் கேள்வியை நம்பித்தான் இருக்கிறது. இது ஒரு பிள்ளையின் வாயில் வர வேண்டுமென்றால் நேற்றும் அங்கே போயிருக்க வேண்டும், இன்றும் போக வேண்டும். ஆகவே அடுத்த சுற்றுலாவுக்கு ஒதுக்கிய நேரத்தைச் சின்னச் சின்னதாக உடைத்துக்கொள்ளுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் 20 நிமிடம், உங்கள் முற்றத்திலேயே ஒரு மூலை. ஆண்டு முழுக்க அதே மூலை.

அங்கேதான் ஒன்றுமே இல்லையே என்பீர்கள். ஒரு நாள் பிள்ளைகள் வருவதற்கு அரை மணி முன்பே போய், முற்றத்தில் குந்தி உட்கார்ந்து பாருங்கள். உங்கள் கண் ஒரு நான்கு வயதுப் பிள்ளையின் கண் இருக்கும் உயரத்துக்கு வந்துவிடும். சிமென்டில் ஒரு விரிசல் இருக்கும். அதில் ஏதாவது முளைத்திருக்கும். குழாயடியில் எப்போதும் ஈரமாக ஒரு தரை, அதன் ஓரத்தில் வழுக்கும் பாசி. மதிலில் காரை பெயர்ந்த இடம். கம்பிக்கதவின் நிழல் காலையில் ஒரு பக்கம் கிடக்கும், மதியம் வேறு பக்கம். அப்புறம் அந்த மரம். வெளியே நின்றால் என்ன, அதன் இலை உங்கள் முற்றத்தில்தானே விழுகிறது?

சிமென்ட் தரையில் என்ன நடக்கும் என்பதற்கு நான் நேரில் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். உங்களுடையதைப் போன்றே ஒரு முற்றம். முந்தின இரவு பெய்த மழையில் நடுவில் தண்ணீர் தேங்கியிருந்தது. வழக்கமாக அதைத் துடைப்பத்தால் தள்ளிவிடுவார்கள். அன்று அந்த ஆசிரியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு பிள்ளையின் கையில் சாக்பீஸ் கொடுத்து, தண்ணீரின் ஓரத்தைச் சுற்றிக் கோடு போடச் சொன்னார். ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தார்கள். தண்ணீர் கோட்டை விட்டு உள்ளே போயிருந்தது. இன்னொரு கோடு. சாப்பாட்டு வேளைக்குப் பிறகு மூன்றாவது கோடு. ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள். 'சின்னதாகிட்டே போகுது' என்றான் ஒருவன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் எத்தனை விரல் இடைவெளி என்று அளக்க ஆரம்பித்தார்கள். ஒரு பக்கம் நாலு விரல், இன்னொரு பக்கம் இரண்டே விரல். ஏன்? அந்தப் பக்கம் பள்ளம் அதிகம் என்று கையை வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தது, வகுப்பில் அதிகம் பேசாத ஒரு பையன்.

தண்ணீர் எங்கே போனது என்று கேட்டபோது மூன்று கட்சி உருவானது. 'தரை குடிச்சிருச்சு' என்பது ஒன்று. 'வெயில் எடுத்துக்கிச்சு' என்பது இன்னொன்று. 'நாம சாப்பிடப் போனப்ப யாரோ துடைச்சிட்டாங்க' என்பது மூன்றாவது. ஆசிரியை எதையும் சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. 'எப்படித் தெரிஞ்சுக்கலாம்?' என்று மட்டும் கேட்டார். மறுநாள் ஒரு பெண் பிள்ளை ஒரு பிளாஸ்டிக் மூடியில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்தாள். 'மூடி குடிக்காதுல்ல?' என்றாள். யாரும் துடைத்துவிடக் கூடாது என்று பக்கத்தில் இரண்டு பேர் காவல் உட்கார்ந்தார்கள். மூடியும் காய்ந்தது. தரை குடித்தது என்று சொன்ன கட்சி அன்று கொஞ்சம் யோசனையில் ஆழ்ந்தது. ஆவியாதல் என்ற சொல்லை அந்த ஆசிரியை அந்த வாரம் சொல்லவே இல்லை. ஒரு கருத்தைச் சோதிக்க அதைத் தவிர மற்ற காரணங்களை விலக்க வேண்டும் என்பது விஞ்ஞானத்தின் அடிப்படை. நாலரை வயதில் ஒரு பிள்ளை அதைத் தானாகச் செய்தாள். அதற்குத் தேவைப்பட்டது ஒரு சாக்பீஸும், துடைக்காமல் விட்ட தண்ணீரும்.

இந்த முறை என்றாலே காடு வேண்டும் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குப் புரிகிறது. டென்மார்க்கில் 1950களில் தொடங்கிய காட்டுப் பள்ளிகள், அதன் பிறகு 1993-ல் ஜெர்மனியின் ஃபிளென்ஸ்பர்கில் அரசு அங்கீகாரத்தோடு வந்த காட்டு மழலையர் பள்ளி, இவற்றின் படங்கள்தான் பயிற்சி வகுப்புகளில் அதிகம் காட்டப்படுகின்றன. அவை நல்ல பள்ளிகள்தான். ஆனால் இதே வேலையைப் பெருநகரத்தின் நடுவில் செய்தவர்கள் அதற்கு ரொம்ப முன்பே இருந்திருக்கிறார்கள். கரோலின் பிராட் 1914-ல் நியூயார்க் நகரில் ஒரு சிறு பள்ளியைத் தொடங்கினார். பிள்ளைகள் தெருவையும் துறைமுகத்தையும் போய்ப் பார்ப்பார்கள். திரும்பி வந்து, பார்த்ததை மரக்கட்டைகளால் தரையில் கட்டுவார்கள். இன்று உலகம் முழுக்க மழலையர் வகுப்புகளில் இருக்கும் சாயம் பூசாத, ஒரே அளவின் பாதியும் இரட்டிப்புமாக வரும் மரக்கட்டைகள் அவர் வடிவமைத்தவைதான். அவரோடு வேலை பார்த்த லூசி ஸ்பிரேக் மிட்செல், நகரத்துப் பிள்ளைகள் தினமும் காணும், கேட்கும் விஷயங்களையே கதைகளாக்கி 1921-ல் வெளியிட்டார்.

இத்தாலியில் ரெஜியோ எமிலியா நகருக்கு அருகே ஒரு கிராமத்தில், 1945-ல் போர் முடிந்த கையோடு, விட்டுச் செல்லப்பட்ட ஒரு பீரங்கி வண்டியையும் சில லாரிகளையும் குதிரைகளையும் விற்ற பணத்தில் பெற்றோர்களே மழலையர் பள்ளி கட்டினார்கள். லோரிஸ் மாலகுஸி என்ற இளம் ஆசிரியர் அதைக் கேள்விப்பட்டு சைக்கிளில் பார்க்கப் போனார். பிற்பாடு அந்த வட்டாரப் பள்ளிகளின் வழிகாட்டியாகவே ஆகிவிட்டார். பள்ளியின் சுவரும் ஜன்னலும் முற்றமும் பிள்ளைக்கு இன்னொரு ஆசிரியர் என்ற பேச்சு அங்கிருந்துதான் பரவியது. இடிபாடுகளுக்கு நடுவில் தொடங்கிய வேலை அது. உங்கள் முற்றத்தைப் பற்றிக் கூச்சப்படாதீர்கள்.

அடுத்து, நிறைய ஆசிரியர்கள் அவசரப்படும் ஓர் இடம்: வரைபடம். இடம் என்றதுமே பள்ளியின் வரைபடத்தைச் சார்ட்டில் போட்டுப் பிள்ளைகளை அதில் வழி கண்டுபிடிக்கச் சொல்கிறோம். ஜூடி டிலோச் என்ற உளவியலாளர் 1987-ல் வெளியிட்ட ஒரு சோதனையை இங்கே சொல்ல வேண்டும். ஓர் அறை, அதே அறையின் சின்ன மாதிரி. மாதிரியில் ஒரு குட்டிப் பொம்மையை ஒளித்துக் காட்டிவிட்டு, 'பெரிய அறையில் பெரிய பொம்மை இதே இடத்தில்தான் இருக்கிறது, கண்டுபிடி' என்பார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோர் நேராகப் போய் எடுத்துவிட்டார்கள். அவர்களை விட ஆறு மாதமே சின்னவர்களான இரண்டரை வயதுப் பிள்ளைகளில் பெரும்பாலோரால் முடியவில்லை. மாதிரியில் குட்டிப் பொம்மை எங்கே என்பது அவர்களுக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் இது அதைக் குறிக்கிறது என்ற இணைப்புத்தான் இன்னும் வரவில்லை.

உங்கள் பிள்ளைகள் அந்தப் படியைத் தாண்டியவர்கள். இருந்தாலும் மேலிருந்து பார்ப்பது போல் வரைந்த தட்டையான படம் இன்னொரு பெரிய படி. அதனால் முதலில் கால். குழாயிலிருந்து மதில் வரை எத்தனை அடி வைக்கிறோம் என்று நடக்கட்டும். அப்புறம் கட்டைகள். வகுப்பறைத் தரையில் முற்றத்தைக் கட்டட்டும். 'கதவுக்கு அடுத்தது குழாயா, படியா?' என்று சண்டை வரும். வரட்டும். ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்து திருத்திக் கட்டுவார்கள். அந்த ஓட்டத்துக்கு நேரம் கொடுங்கள். காகிதம் கடைசியில்தான்.

பெற்றோர் விஷயத்துக்கு வருகிறேன். அவர்கள் கவலையைச் சின்னதாக நினைக்காதீர்கள். தங்கள் பிள்ளை எழுதப் படிக்கப் பின்தங்கிவிடுமோ என்ற பயம் நியாயமானது. கல்விக் கொள்கை பேசி அந்தப் பயத்தைப் போக்க முடியாது. எழுத்து இந்த முறைக்குள்ளேயே இருக்கிறது என்று காட்டினால் போகும். பிள்ளை சொல்வதை அதன் கண் முன்னாலேயே, அது சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். 'தரை தண்ணி குடிச்சிருச்சு' என்றால் அப்படியே. எழுதியதை விரல் வைத்துத் திரும்பப் படித்துக் காட்டுங்கள். தன் வாயிலிருந்து வந்தது காகிதத்தில் நிற்பதைப் பார்க்கும் பிள்ளைக்கு எழுத்து எதற்கு என்று யாரும் விளக்க வேண்டாம்.

அப்புறம், எழுத ஒரு காரணம் அமைய வேண்டும். ஒரு வகுப்பில் சுவரோரம் எறும்புப் புற்று. பெரிய வகுப்புப் பையன்கள் ஓடும்போது மிதித்துவிடுகிறார்கள் என்று பிள்ளைகளுக்கு ஒரே வருத்தம். பலகை வைக்கலாம் என்று முடிவானது. ஐந்து வயதுக்காரி ஒருத்தி தானே எழுதினாள்: 'எரும்பு விடு'. அவள் எழுத நினைத்தது 'எறும்பு வீடு'. அந்த வழியாக வந்த மூன்றாம் வகுப்புப் பையன் படித்துவிட்டு, 'எறும்பை விடணுமாம்டா' என்று சொல்லிக்கொண்டே ஒதுங்கிப் போனான். இவளுக்கு ஒன்றும் புரியவில்லை. 'வீடுன்னுதானே எழுதினேன்?' அன்று குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம் அவளுக்கு விளங்கியது போல் எந்த ஒர்க்‌ஷீட்டிலும் விளங்கியிருக்காது. மேலே ஒரு சுழி போட்டு அவளே திருத்தினாள். 'ரு'வை 'று' ஆக்கும் வேலையை ஆசிரியை அந்த வாரம் எடுக்கவில்லை. அதுவும் சரியான முடிவு என்றே நினைக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு கண்டுபிடிப்பு போதும்.

வாரம் ஒரு முறை, பிள்ளை சொன்ன ஒரு வாக்கியத்தையும் அது வரைந்த படத்தையும் வீட்டுக்கு அனுப்புங்கள். 'இன்று நாங்கள் அறிவியல் கற்றோம்' என்று நாம் எழுதும் விளக்கக் குறிப்பு வேண்டாம். பிள்ளையின் சொல் மட்டும் போதும். பருவத்துக்கு ஒரு நாள் பெற்றோரை அந்த மூலைக்கே வரவழையுங்கள். சுற்றிக் காட்டும் வேலை பிள்ளைகளுடையது. நீங்கள் பின்னால் நில்லுங்கள். தன் பிள்ளை பத்து நிமிடம் விடாமல் விளக்குவதைக் கேட்ட பெற்றோர் அதற்குப் பிறகு நோட்டைப் பற்றிக் கேட்கும் குரல் வேறாக இருக்கும்.

உங்கள் சக ஆசிரியை சொல்வதில் பாதி எனக்குச் சம்மதமில்லை, பாதி சம்மதம். சம்மதமில்லாததை முதலில் சொல்கிறேன். டேவிட் சோபல் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1996-ல் ஒரு வாதத்தை வைத்தார். அழியும் மழைக்காடுகளையும் உருகும் பனியையும் பற்றிச் சின்னப் பிள்ளைகளிடம் பேசுவது அவர்களுக்கு அக்கறையைத் தராது, பயத்தைத்தான் தரும், பயந்த பிள்ளை விலகிப் போகும் என்றார். நான்கிலிருந்து ஏழு வயது வரை பக்கத்தில் இருக்கும் உயிர்களோடு ஒட்டுறவு வளர வேண்டிய காலம், உலகத்தின் துயரங்கள் கொஞ்சம் பொறுக்கட்டும் என்பது அவர் நிலை. என் அனுபவமும் அதுதான். விரிசலில் முளைத்த ஒரு செடி வாடியதற்கு அழுத பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். படத்தில் பார்த்த காட்டுக்காக உண்மையாக அழுத நான்கு வயதுப் பிள்ளையை நான் பார்த்ததில்லை.

சம்மதமான பாதி இது: தெருவை மட்டுமே காட்டிக்கொண்டிருந்தால், 'நம்ம இடம்' என்ற பேச்சு சில பிள்ளைகளை வெளியே நிறுத்திவிடக்கூடும். 22 பேரில் போன மாதம்தான் குடிவந்த பிள்ளை இருக்கலாம். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளை இருக்கலாம். 'உங்க தாத்தா இங்கே என்ன பண்ணாங்க?' என்று எல்லாரையும் ஒன்றுபோல் கேட்டால் அவர்கள் வாயடைத்துப் போவார்கள். நியூசிலாந்தில் 1996-ல் வந்த மழலையர் பாடத்திட்டத்துக்கு 'தே ஃபாரிக்கி' என்று பெயர். அந்நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் பின்னிய பாய் என்று பொருள். அதன் ஐந்து இழைகளில் ஒன்று, 'இது என் இடம்' என்ற உணர்வு. பாய் என்றால் எல்லாரும் உட்கார இடம் உண்டு, பின்னுவதற்கு எல்லாரும் ஓர் இழை தரலாம். உங்கள் மூலையும் அப்படித்தான் இருக்க வேண்டும். நேற்று வந்த பிள்ளையும் இந்த விரிசலை நேற்றிலிருந்து பார்க்கிறது, அந்த உரிமை போதும். எறும்புக்கு அதன் வீட்டில் என்ன பெயர் என்று கேளுங்கள். அந்தச் சொல்லையும் பலகையில் சேர்த்து எழுதுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, உங்களுக்கே தெரியும். முற்றத்தைத் தாண்டி மரத்தடிக்குப் போவதென்றால் பெற்றோரிடம் எழுத்தில் சம்மதம், இன்னொரு பெரியவர் துணை, வாசலில் போகும்போதும் வரும்போதும் தலை எண்ணிக்கை. பூச்சிக் கடி ஒவ்வாமை யாருக்காவது உண்டா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். நடக்கச் சிரமப்படும் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளையும் தரையைத் தொட முடிகிற மூலையைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

நான் செய்த ஒரு தவறையும் உங்களிடம் சொல்ல வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிது. எறும்பின் உடல் பாகங்களைப் பெரிய சார்ட்டில் வரைந்து கொண்டுபோயிருந்தேன். தலை, மார்பு, வயிறு, ஆறு கால். நடுவில் ஒரு பெண் பிள்ளை எழுந்து, 'டீச்சர், ரெண்டு எறும்பு பாத்துக்கிட்டா மூஞ்சியத் தொட்டுக்குதுங்க' என்றாள். 'அப்புறம் சொல்லலாம், உட்காரு' என்றேன். அவள் உட்கார்ந்தாள். எறும்புகள் உணர்கொம்பால் தொட்டு, மோப்பம் பிடித்துத்தான் தன் கூட்டத்தைச் சேர்ந்ததா என்று தெரிந்துகொள்கின்றன. பல நாள் குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும் அந்த விஷயத்தை அவள் பார்த்திருந்தாள். நான் சார்ட்டை முடிக்க வேண்டும் என்று அவளை உட்கார வைத்தேன். அந்த ஆண்டு அவள் எறும்பைப் பற்றி மறுபடி பேசவே இல்லை. இத்தனை வருடம் கழித்தும் அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. ஆகவே பெயர் சொல்லும் அவசரத்தைக் கொஞ்சம் அடக்குங்கள். பெயரைச் சொன்னதும் பல நேரம் பேச்சு முடிந்துவிடுகிறது. 'நீ என்ன பார்த்தே?' என்று கேட்டுவிட்டு, பதில் வரும் வரை வாயைத் திறக்காமல் இருங்கள். அந்த மௌனம் நீளமாகத் தோன்றும். பொறுங்கள்.

முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் ஓடிப் பிடித்து விளையாடத்தான் போவார்கள். மூன்றாவது வாரம் உங்களுக்கே சலிப்புத் தட்டும், இடத்தை மாற்றலாமா என்று தோன்றும். மாற்றாதீர்கள். நான் பார்த்த வகுப்புகளில் இந்தச் சலிப்புக்கு அடுத்துத்தான் கவனிப்பு ஆரம்பித்திருக்கிறது. தலைமையாசிரியர் முன்கூட்டியே பாடத்திட்டம் கேட்டால், முதல் மாதத்துக்கு மட்டும் விலக்குக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் வகுப்பு முடிந்ததும், அன்று காதில் விழுந்த இரண்டு கேள்விகளை ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். மாதக் கடைசியில் அந்த நோட்டைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எண், அளவு, மொழி, அறிவியல் எல்லாம் அதில் எங்கே எங்கே இருக்கிறது என்று அவரோடு உட்கார்ந்து பென்சிலால் குறித்தால், அடுத்த மாதத்துக்கான திட்டம் அங்கேயே கிடைத்துவிடும்.

வரும் திங்கட்கிழமை அந்த மரத்தின் இலைகளில் தொடங்குங்கள். காலையில் முற்றத்தைப் பெருக்குகிற அம்மாவிடம் முதல் நாளே சொல்லி, ஒரு மூலையை மட்டும் பெருக்காமல் விடச் சொல்லுங்கள். ஏன் என்று கேட்டால் அவரையும் பிள்ளைகளோடு வந்து உட்காரச் சொல்லுங்கள். எந்தக் காற்றுக்கு எவ்வளவு இலை விழும் என்று உங்கள் பள்ளியில் அவரை விட நன்றாகத் தெரிந்தவர் இருக்க மாட்டார். கொஞ்ச நாளில் பிள்ளைகள் அந்த மூலைக்குத் தாங்களாகவே ஒரு பெயர் வைப்பார்கள். என்ன பெயர் என்று எனக்கு எழுதுங்கள்.